மனை ஒருவருக்கு, கடை இன்னொருவருக்கு: ஜப்பானின் மருகமேமாச்சி கடைவீதி மீண்டெழுந்த நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் மிகச் சிறியதான ஷிகோகுவின் வடகரையில், செட்டோ உள்நாட்டுக் கடலைப் பார்த்தபடி தகமாட்சு நகரம் அமைந்திருக்கிறது. நான்கு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் இந்நகரம் ககாவா மாகாணத்தின் தலைநகரம். நகரின் நடுவில் எட்டுக் கடைவீதிகள் ஒன்றோடொன்று தொடர்ந்து, மழையும் வெயிலும் படாத கூரையின் கீழ் மொத்தம் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. ஜப்பானிலேயே மிக நீளமான கூரையிட்ட கடைவீதி என்று இதைச் சொல்கிறார்கள். அந்த எட்டில் ஒன்றான, 470 மீட்டர் நீளமுள்ள மருகமேமாச்சி வீதியில் 1988-க்குப் பிறகு நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. இதில் ஈடுபட்டவர்கள் அனைவரும் அவரவர் வகித்த பொறுப்பின் வழியாகவே குறிப்பிடப்படுகிறார்கள்.

இகோமா சிகமாசா என்ற சிற்றரசர் 1588-இல் தகமாட்சுக் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது கோட்டையை ஒட்டி உருவான வணிகர் குடியிருப்புதான் இந்த வீதி. அதற்குப் பின் நான்கு நூற்றாண்டுகள் இடம் பெயராமல் வணிகம் நடந்தது. ஹோன்ஷு பெருந்தீவிலிருந்து ரயிலில் வருபவர்கள் கடலைக் கப்பலில் கடந்து தகமாட்சுத் துறைமுகத்தில்தான் இறங்க வேண்டியிருந்ததால், ஷிகோகுவுக்குள் நுழையும் ஆட்களும் சரக்கும் இந்த ஊரைத் தொட்டே போயின. பெரிய நிறுவனங்கள் பலவும் ஷிகோகுவுக்கான கிளை அலுவலகங்களை இங்கேயே வைத்தன. அலுவலக ஊழியர்களின் சம்பளம் மாலை நேரத்தில் இந்த வீதிகளில் செலவானது.

1988 ஏப்ரலில் செட்டோ பெரும்பாலம் திறக்கப்பட்டதும் இந்த நிலை மாறத் தொடங்கியது. பாலம் ஷிகோகுவில் கால் பதித்த இடம் தகமாட்சு அன்று. மேற்கே இருக்கும் சகாய்டே. ரயில் பயணிகளுக்கான கப்பல் இணைப்பும் அத்துடன் நின்றது. அதே ஆண்டில் மருகமேமாச்சி தன் 400-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. விழா முடிந்ததும் அன்றைய வணிகர் சங்கத் தலைவர் இளைய உறுப்பினர்களைக் கூப்பிட்டு, இப்போது போகிற போக்கில் போனால் இந்த வீதி 500-ஆவது ஆண்டைப் பார்க்குமா என்று கேட்டு, அதை ஆராய்ந்து வருமாறு பணித்தார்.

அந்தக் கேள்வி எழுந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். வீதி அப்போது நொடித்துப் போயிருக்கவில்லை. ஜப்பானில் நில விலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கல்லாவும் நிறைந்தது, மனையின் மதிப்பும் ஆண்டுதோறும் ஏறியது. பெரும்பாலான ஊர்களில் கடைகள் பாதி மூடப்பட்ட பின்னரே சீரமைப்புப் பேச்சு எழுகிறது. அப்போது சங்கத்தின் கையில் பணமும் இருக்காது, உறுப்பினர்களிடம் பொறுமையும் இருக்காது. மருகமேமாச்சியில் இரண்டும் இருந்தன. உறுப்பினர்களின் கூட்டு முதலீட்டில் சங்கம் நடத்திவந்த வாகன நிறுத்தங்களின் வருவாய், பல ஆண்டுகள் நீண்ட ஆய்வுக்கும் பேச்சுவார்த்தைக்கும் செலவழிக்கப் போதுமானதாக இருந்தது. நகராட்சியின் மானியத்தை எதிர்பார்த்து முதல் அடியை வைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை என்பதை இந்நிகழ்வின் முக்கியமான முன்நிபந்தனையாக நான் கருதுகிறேன்.

கண்டறிந்தவை

இளைஞர் குழு வெற்றி பெற்ற ஊர்களைத் தேடிப் போகவில்லை. பெரும் பணம் கொட்டிக் கட்டப்பட்டு, சில ஆண்டுகளிலேயே வெறிச்சோடிப் போன மறுகட்டுமானங்களை நாடு முழுவதும் ஆராய்ந்து, அவை ஏன் தோற்றன என்று கேட்டது. பல இடங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. மறுகட்டுமானம் என்றால் முதலில் நிலத்தை வாங்க வேண்டும் என்பதே நடைமுறையாக இருந்தது. நகர நடுவில் மனையின் கிரயத் தொகை கட்டுமானச் செலவையே விழுங்கிவிடும் அளவுக்கு இருந்தது. அந்தத் தொகைக்கான வட்டியை ஈடுகட்ட வாடகையை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்ந்த வாடகையைத் தாங்கும் கடைகள் கிடைக்காமல் தளங்கள் காலியாகக் கிடந்தன. மனையை விற்றவர்கள் பணத்தோடு வெளியேறிவிட்டதால், கட்டடம் காலியாகக் கிடப்பதைப் பற்றிக் கவலைப்பட உள்ளூரில் யாரும் மிஞ்சவில்லை.

குழு தன் சொந்த வீதியைப் பார்த்தபோது வேறொரு உண்மை வெளிப்பட்டது. நில விலை ஏற ஏற, அந்த விலைக்கு ஈடாகச் சம்பாதிக்கக்கூடிய துணிக்கடைகளும் அலங்காரப் பொருள் கடைகளும் பெருகின. காய்கறி, மீன், அன்றாட மளிகை, வீட்டுச் சாமான் போன்றவற்றை விற்ற கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றோடு வீதியின் மேல்மாடிகளில் குடியிருந்தவர்களும் புறநகருக்குப் போனார்கள். ஒரு காலத்தில் ஏறத்தாழ 1,000 பேர் வாழ்ந்த வீதியில் கடைசியில் 75 பேர்தான் எஞ்சினார்கள். இரவு கடை அடைத்ததும் வீதியில் ஆள் இருப்பதில்லை. வாடிக்கையாளர்கள் குறைந்ததற்குப் புறநகரின் பேரங்காடிகளைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் வாழ்வதற்குத் தேவையான எதுவும் கிடைக்காத இடத்தில் யாரும் வாழ மாட்டார்கள் என்ற உண்மையை வணிகர்கள் தங்கள் வீதியிலேயே கண்டார்கள்.

மூன்றாவதாக, பேரங்காடிக்கும் கடைவீதிக்கும் இடையிலான நிர்வாக வேறுபாட்டை அவர்கள் பதிவு செய்தார்கள். பேரங்காடியில் எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எது போக வேண்டும், எது வர வேண்டும் என்பதை ஒரே நிர்வாகம் முடிவு செய்கிறது. கடைவீதியில் அந்த முடிவு ஒவ்வொரு மனை உரிமையாளரின் கையிலும் தனித்தனியாக இருக்கிறது. ஒருவர் தன் இடத்தைச் சூதாட்ட விடுதிக்கு வாடகைக்கு விடலாம். இன்னொருவர் கடையைப் பூட்டி ஆண்டுக்கணக்கில் சும்மா போட்டு வைக்கலாம். அடுத்த கடைக்காரர் அதன் விளைவைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய அங்காடிகளைக் கட்டுப்படுத்திய 1973-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 2000-இல் முற்றிலும் நீக்கப்பட்டதால், இந்தப் பலவீனத்தை மறைத்து வைத்திருந்த காப்பும் போய்விட்டது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் திட்டம் 1990-இல் உருவானது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டாலும் அதன் அடிப்படை மாறவில்லை: மனையின் உரிமையை ஒருவரிடமும் அதைப் பயன்படுத்தும் உரிமையை இன்னொருவரிடமும் வைப்பது. ஜப்பானில் மனைக்கும் அதன் மேல் நிற்கும் கட்டடத்துக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. ஆகவே மனை ஒருவருடையதாகவும் கட்டடம் வேறொருவருடையதாகவும் இருப்பது அங்கே வழக்கத்துக்கு மாறானதன்று. ஆனால் பழைய குத்தகைச் சட்டத்தின்படி, ஒருமுறை நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டால் நியாயமான காரணம் காட்டாமல் அதைத் திரும்பப் பெற முடியாது. நடைமுறையில் அது என்றென்றைக்கும் கைவிட்டுப் போனதற்குச் சமம். 1992 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 50 ஆண்டுகளோ அதற்கு மேலோ குறித்த காலத்துக்குக் குத்தகை கொடுத்து, காலம் முடிந்ததும் காலி மனையாகவே திரும்பப் பெறும் வழியைத் திறந்தது. மருகமேமாச்சி வணிகர்கள் 60 ஆண்டுக் குத்தகையைத் தேர்ந்தெடுத்தார்கள். மனையின் பத்திரம் அவரவர் பெயரிலேயே இருக்கும். பேரன் காலத்தில் நிலம் குடும்பத்துக்கே திரும்பும். இதற்கிடையில் அதன் மேல் என்ன கட்டுவது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதைப் பொது நிறுவனம் ஒன்று முடிவு செய்யும்.

நிலத்தை வாங்கத் தேவையில்லை என்றானதும் செலவின் பெரும்பகுதி கணக்கிலிருந்தே மறைந்தது. தோற்ற ஊர்களில் கண்ட முதல் காரணத்துக்கு அவர்கள் கண்ட விடை இதுதான்.

பொது நிறுவனம் 1999 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதில் நகராட்சியின் பங்கு 5 விழுக்காடு மட்டுமே. அரசின் பங்கு பெரிதானால் முடிவெடுப்பது தாமதமாகும், நட்டம் வந்தால் வரிப்பணம் ஈடுகட்டும் என்ற மெத்தனமும் வரும் என்பது வணிகர்களின் கணிப்பு. நாடெங்கும் அரசும் தனியாரும் கூட்டாக நடத்திய நிறுவனங்கள் சரிந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதே நேரத்தில் நகராட்சியை முற்றிலும் விலக்கிவிடவும் இல்லை. சாலை, தீயணைப்பு, கட்டட அனுமதிகளுக்கு அதன் கை தேவைப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வாடகையைப் பிரிக்கும் முறை. வழக்கமாக மனை உரிமையாளருக்கு மாதந்தோறும் குறித்த தொகை வந்துவிடும். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அவருடைய கவலை அன்று. மருகமேமாச்சியில் இந்த வரிசை தலைகீழாக்கப்பட்டது. கடைகளின் விற்பனைக்கேற்ற வாடகையை நிறுவனம் வசூலிக்கிறது. அதிலிருந்து முதலில் கட்டடப் பராமரிப்புச் செலவும், அடுத்துக் கடன் தவணையும் கழிக்கப்படுகின்றன. கடைசியில் மிஞ்சுவதுதான் மனை உரிமையாளர்களுக்குப் பங்கிடப்படுகிறது. விற்பனை பெருகினால் அவர்களின் வருமானமும் பெருகும். விற்பனை படுத்தால் முதலில் அடிபடுவது அவர்களின் பங்குதான். வங்கிக்குப் பின்னால், ஒப்பந்தக்காரருக்குப் பின்னால், தங்களையே கடைசி வரிசையில் நிறுத்திக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்கள். மனை வைத்திருப்பவர் வீதியின் நலத்தில் அக்கறை காட்ட வேண்டும் என்று எத்தனை கூட்டங்களில் பேசினாலும் நடக்காத ஒன்றை இந்த ஒரு விதி நடத்திக்காட்டியது.

வீதி ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வகுக்கப்பட்டது. பழமையான மிட்சுகோஷி பேரங்காடி நிற்கும் வடமுனையில் விலையுயர்ந்த பொருள்களின் கடைகள்; நடுப்பகுதியில் கைவினை, உணவு, பண்பாடு, மருத்துவம்; தென்முனையில் இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியவை. இதன் பொருள், தன் மனையில் தன் கடை என்ற நூற்றாண்டு வழக்கம் முடிவுக்கு வருகிறது என்பதே. தொழிலைத் தொடர விரும்பும் உரிமையாளரும் மற்றவர்களைப் போலவே வாடகைதாரராக நிறுவனத்திடம் விண்ணப்பித்து, தன் தொழிலுக்குப் பொருந்தும் பகுதிக்கு இடம் மாற வேண்டும். தொழில் நொடித்துக்கொண்டிருந்தவர், கடன் முற்றுவதற்கு முன்பே கடையை மூடிவிட்டு, மனைப் பங்கில் வாழலாம்.

வீதிக்கு மீண்டும் குடியிருப்பவர்களைக் கொண்டுவருவதும் திட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டது. கடைகளுக்கு மேலே அடுக்குமாடி வீடுகள் கட்டி, நிலத்தின் விலை சேராததால் வழக்கமான நகர வீடுகளைவிடக் குறைந்த விலையில் விற்பது என்று முடிவாயிற்று. புறநகரில் தனி வீட்டில் வாழ்ந்து, இனிமேல் கார் ஓட்ட இயலாத முதியவர்களையே முதன்மையாக மனத்தில் வைத்தார்கள். அவர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் மருத்துவரும் மளிகையும் வேண்டும் என்பதால் மருத்துவமனையும் உணவுக் கடைகளும் திட்டத்தில் இடம் பெற்றன.

பதினாறு ஆண்டுகள்

1990-இல் வரைந்த திட்டத்தின் முதல் கட்டடம் 2006 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் மனை உரிமையாளர்களின் ஒப்புதலைப் பெற ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும், சட்டங்களையும் அலுவலகங்களையும் தாண்ட ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளும் ஆனதாக வீதியின் பொறுப்பாளர்கள் பிற்பாடு விளக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை மாற்றித்தான் எதிர்பார்ப்பார்கள்.

நகர மறுகட்டுமானச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் போதும். மருகமேமாச்சி அனைவரின் ஒப்புதலையும் தேடியது. வீதியின் குடும்பங்கள் தலைமுறைகளாக ஒன்றையொன்று அறிந்தவை. பொறுப்பில் இருந்தவர்களும் ஒப்புதல் தர வேண்டியவர்களும் சிறுவயதில் ஒரே வீதியில் விளையாடியவர்கள். வற்புறுத்தி வாங்கும் கையெழுத்து ஒரு கட்டடத்துக்குப் போதுமானதாக இருக்கலாம்; 60 ஆண்டு ஒரே குத்தகைக்குள் கட்டுண்டு வாழ அது போதாது என்று அவர்கள் கருதியது சரி என்றே நானும் நினைக்கிறேன். நில விலை சரியத் தொடங்கியதும் ஒப்புதலுக்கு ஒரு வகையில் உதவியது. உச்ச விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே மதிப்பு வீழ்ந்தபோது, விற்றுப் பணமாக்கலாம் என்ற எண்ணம் பொருளற்றதாகி, நிலத்தைப் பயன்படுத்திச் சம்பாதிப்பது ஒன்றே வழி என்பது எல்லாருக்கும் தெளிவாயிற்று. ஆனால் உச்ச விலைக் காலத்தில் மனையை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்களுக்கு அதே சரிவு பேரிடியாக இறங்கியது. அடமானம் நிற்கும் மனையைப் பொதுக் குத்தகைக்குள் கொண்டுவர ஒவ்வொரு வங்கியோடும் தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது.

சட்டத்தின் பக்கம் இடையூறுகள் சிறிய சிறிய வடிவில் வந்தன. கடைவீதி என்பது சட்டத்தின் பார்வையில் பொதுச் சாலை. அதன் நடுவே மரத்தொட்டி வைப்பதும் இருக்கை போடுவதும் சாலையை அடைப்பதாகும். மூன்று வீதிகள் கூடும் வடமுனைச் சந்திப்பின் மேல் கண்ணாடிக் கூரைமாடம் ஒன்றை எழுப்ப விரும்பியபோது, பொதுச் சாலைக்கு மேல் அவ்வளவு உயரத்தில் தனியார் கட்டடங்களில் சாய்த்துக் கட்டும் கூரைக்குத் தீத்தடுப்பு விதிகளில் முன்மாதிரியே இல்லை. ஏறத்தாழ 25 மீட்டர் விட்டமும் 30 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட அந்தக் கூரைமாடம் இன்று நகரின் அடையாளமாக நிற்கிறது.

இந்த இடைவெளியில் வெளியுலகம் காத்திருக்கவில்லை. 1998-இல் நகரின் தெற்கே யூமே டவுன் என்ற பேரங்காடி திறந்தது. 1997-இல் கவராமாச்சி ரயில் நிலையத்தின் மேல் பெரிய எதிர்பார்ப்போடு திறக்கப்பட்ட சோகோ பேரங்காடி, தாய் நிறுவனம் 2000-இல் வீழ்ந்ததைத் தொடர்ந்து 2001-இல் மூடப்பட்டது. எல்லைக்கு வெளியே கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்தி நகரைக் கட்டுக்குள் வைத்திருந்த வளர்ச்சி எல்லையை 2004-இல் ககாவா மாகாணம் நீக்கியது. வயல்வெளிகளில் வீடுகளும் கடைகளும் பரவின. 2007-இல் அயோன் நிறுவனத்தின் பேரங்காடியும் வந்து சேர்ந்தது.

பின்னர் நடந்தவை

2006-இல் வடமுனைப் பகுதி திறக்கப்பட்டதும் வீதியில் நடமாட்டம் மீண்டது. மேல்தள வீடுகள் விற்றுப்போயின. வாங்கியவர்களில் முதியவர்கள் கணிசமாக இருந்தார்கள். கூரைமாடத்தின் கீழ் உள்ள திறந்தவெளி, எதுவும் வாங்காமலும் உட்காரலாம் என்ற அரிய உரிமையை நகர மக்களுக்குத் தந்தது; வார இறுதிகளில் இசை நிகழ்ச்சிகளும் சந்தைகளும் அங்கே நடந்தன.

அடுத்த பகுதிகளில் முறை மாறியது. வடமுனையில் சட்டப்படியான பெரிய மறுகட்டுமானச் சங்கம் அமைத்துச் செய்ததை, அதற்குத் தெற்கே இருந்த இரண்டு பகுதிகளில் செய்யவில்லை. ஒப்புதல் கிடைத்த மனைகளில் மட்டும் சிறு கட்டடங்களாகக் கட்டி, அவற்றை ஒரே வடிவமைப்பு விதியால் இணைத்து, 2010 வாக்கில் முடித்தார்கள். முகப்புகளைப் பின்தள்ளிக் கட்டியதால் வீதி அகன்றது. புதிய உயரமான கண்ணாடிக் கூரையின் வழியாக வெளிச்சம் தரை வரை இறங்கியது. நகரின் கலை அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் மருத்துவமனையும் வந்தது. 2012 ஏப்ரலில் தென்முனைப் பகுதி விடுதி, கடைகள், வீடுகள், வாகன நிறுத்தம் ஆகியவற்றோடு திறந்தது.

கட்டுமானச் செலவின் பெரும் பங்கை நடுவண் அரசு, நகராட்சி மானியங்கள் தாங்கின என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிலத்தை வாங்காமல் சேமித்ததாலேயே எல்லாம் நடந்தது என்று இந்நிகழ்வைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மானியம் இல்லாமல் இதே அளவில் கட்டியிருக்க முடியாது. ஆனால் மானியம் கிடைத்த ஊர்கள் ஜப்பானில் நூற்றுக்கணக்கில் உண்டு. கட்டி முடித்த பின் கடைகள் நிறைந்திருந்த ஊர்கள் குறைவு.

தனிவணிகர்களின் நிலை

வீதி பிழைத்தது. அந்த வீதியின் சொந்தக் கடைகள் பிழைத்தனவா என்ற கேள்விக்கு விடை அத்தனை தெளிவாக இல்லை. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதும் அதுதான்.

வடமுனையில் குடியேறியவை பெரும்பாலும் உலகளவில் பெயர்பெற்ற ஆடம்பர நிறுவனங்களின் கிளைகள். விற்பனைக்கேற்ற வாடகை என்ற முறையில், அதிகம் விற்கக்கூடியவர்களை அழைப்பதே நிறுவனத்துக்கும் மனை உரிமையாளர்களுக்கும் ஆதாயம். தாத்தா காலத்திலிருந்து கடை நடத்திய குடும்பங்கள் பல, கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்கள் என்ற நிலையிலிருந்து மனைப் பங்கு பெறுபவர்கள் என்ற நிலைக்கு மாறின. அவர்களுக்கு இது நட்டமன்று. கடனில் மூழ்கிக் கடையையும் மனையையும் சேர்த்து இழந்திருக்கக்கூடியவர்கள் மனையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மரியாதையோடு தொழிலை முடித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. நொடித்துப்போகும் சிறு வணிகருக்கு ஊக்க உரைகளே கிடைக்கும் உலகில், முறையாக விலகும் பாதையை ஒரு சங்கம் வகுத்துக்கொடுத்தது பாராட்டத்தக்கது. இருந்தாலும் வாடிக்கையாளரின் பெயரும் குடும்பமும் தெரிந்து சரக்கை எடுத்துக்கொடுத்த கடைக்காரர் போனால், அந்த அறிவு மனைப் பத்திரத்தோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

இதற்கு மாறான ஒரு போக்கும் நடுப்பகுதியில் தெரிகிறது. 2010-இல் அங்கே ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளம் முழுவதிலும் மாச்சி நோ ஷூலே 963 என்ற கடை திறக்கப்பட்டது. ஷிகோகுத் தீவின் கைவினைப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் தேடித் திரட்டி விற்கும் கடை அது. சனுகி (ககாவாவின் பழைய பெயர்) பகுதியின் நூல்பந்துகளை அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம்: உமியை உள்ளே வைத்துச் சுற்றிய உருண்டையின் மேல், செடிகளின் சாயம் ஏற்றிய பருத்தி நூலை இழையிழையாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, செவ்வந்தியும் நட்சத்திரமும் போன்ற உருவங்களைக் கொண்டு வருகிறார்கள். ஒரு பந்துக்குப் பல நாள் உழைப்பு போகிறது. பக்கத்தில் ககாவா அரக்குக் கிண்ணங்களும், வாயிலிட்டதும் கரையும் வாசன்போன் சர்க்கரையில் அச்சு வார்த்த இனிப்புகளும் இருக்கின்றன. தரைத்தளத்து வாடகையை இப்படிப்பட்ட பொருள்களால் தாங்க முடியாது. ஒவ்வொரு தளமும் தன் சொந்த வாடகையைத் தானே ஈட்ட வேண்டும் என்று தனித்தனி உரிமையாளர்கள் கணக்குப் பார்த்திருந்தால் இந்தக் கடைக்கு இடமே கிடைத்திருக்காது. மொத்த வீதிக்கும் பயன் தரும் கடையை, தனியாகப் பார்த்தால் குறைந்த வாடகை தருவதாக இருந்தாலும், அமர்த்திக்கொள்ளும் சக்தி பொது நிர்வாகத்துக்கு உண்டு. அந்தச் சக்தி வடமுனையிலும் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்பதே என் குறை.

பக்கத்து வீதிகளின் நிலையையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். கவராமாச்சி நிலையத்தை ஒட்டிய தோகிவா வீதியில், ஒரு காலத்தில் கூட்டம் நெரித்த இடத்தில், பூட்டிய கடைகள் வரிசையாக நிற்கின்றன. சோகோ போன பிறகு அதே கட்டடத்துக்கு வந்த தென்மாயா பேரங்காடியும் 2014 மார்ச்சில் மூடப்பட்டது. ஒரே கூரையின் கீழ் பத்து நிமிடம் நடந்தால் மீண்டெழுந்த வீதியையும் தளர்ந்த வீதியையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது. கூரை தொடர்ச்சியாக இருந்தது. சங்கங்கள் எட்டாக இருந்தன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே முறையை வேறொரு வணிகர் சங்கம் மேற்கொள்ளுமானால், குத்தகை ஒப்பந்தத்திலும் வாடகைப் பங்கீட்டிலும் நான் எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஒப்புதல் பெற எடுத்த நான்கு ஆண்டுகளையும் குறைக்கச் சொல்ல மாட்டேன். மாற்ற வேண்டியது முதலில் தொடக்கப் பகுதியின் தேர்வு. உயர்விலைக் கடைகள் நிற்கும் முனையிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் தெளிவானது: வங்கியும் அரசும் நம்பும்படியான வருமானத்தை முதலில் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் வாடகைதாரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற மரபு முதல் பகுதியிலேயே உருவாகிவிடுகிறது. நிறுவனத்தின் விதிமுறையிலேயே, ஒவ்வொரு பகுதியிலும் தரைத்தளத்தின் ஒரு குறிப்பிட்ட பங்கு உள்ளூர்த் தனிவணிகர்களுக்கே, முதல் சில ஆண்டுகளுக்குத் தளர்ந்த வாடகையில், என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மனை உரிமையாளர்கள் கடைசி வரிசையில் நிற்கச் சம்மதித்தவர்கள். இதற்கும் அவர்கள் சம்மதித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, கடையை மூடியவர்களின் தொழிலறிவை அடுத்தவருக்குக் கைமாற்றும் ஏற்பாடு. மூடும் வணிகருக்கு மனைப் பங்கு உறுதியாக இருப்பதால், அவர் அவசரமாக ஓட வேண்டியதில்லை. அவருடைய கடையில் ஓரிரு ஆண்டுகள் பணியாற்றி, சரக்கு வாங்கும் இடங்களையும் வாடிக்கையாளர்களையும் அறிந்துகொண்டு, அதே தொழிலை வேறு பகுதியில் சிறிய இடத்தில் தொடர விரும்பும் இளையவருக்கு நிறுவனம் முன்னுரிமை கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது, கைம்மிஞ்சிப் போன ஒன்று. ஒரு வீதியின் வணிகர்கள் பதினாறு ஆண்டுகள் முயன்று நகர நடுவில் குடியிருப்பைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அதே காலத்தில் மாகாண அரசு வளர்ச்சி எல்லையை நீக்கி மக்களைப் புறநகருக்குச் செல்ல விட்டது. இரண்டு முடிவுகளும் ஒரே ஊரைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. தகமாட்சு நகராட்சி பிற்பாடு நகரைச் சுருக்கமாக வைத்திருக்கும் கொள்கைக்குத் திரும்பியது. அதற்குள் வயல்களில் எழுந்துவிட்ட வீடுகள் எழுந்தவைதான். வணிகர் சங்கம் தன் வீதிக்கான அனுமதிகளுக்காக அரசு அலுவலகங்களில் செலவழித்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பகுதியை, மற்ற ஏழு வீதிகளின் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, அந்த வளர்ச்சி எல்லையைக் காப்பதற்காகச் செலவழித்திருந்தால் தோகிவா வீதியின் நிலையும் வேறாக இருந்திருக்கக்கூடும்.